பென்ஷன் பணத்தைக் கொடுத்துப் புத்தகம் போடலாமா?

மயூர் விகாரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். தில்லித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். வகுப்பறை நினைவுகளும் குழந்தைகளுக்கான கதைகளுமாக நான்கு நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன. ஒரு பதிப்பகம் 85,000 ரூபாய் கட்டினால் 500 பிரதி அச்சிட்டு, புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் வாங்கித் தருவதாகச் சொல்கிறதாம். "கட்டலாமா? புத்தகத்தின் உரிமை யாருக்கு?" என்று கேட்கிறார்.

டீச்சர், இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 85,000-ஐ 500-ஆல் வகுத்தால் பிரதிக்கு 170 ரூபாய். புத்தகத்தின் விலை 200 என்று வைத்தால், கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு போக 130 ரூபாய்தான் திரும்பி வரும். 500 பிரதியும் விற்றுத் தீர்ந்தால்கூட 65,000. கையிலிருந்து 20,000 போய்விடும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பதினைந்து ஆண்டுகளாகக் கைப்பிரதிகளைத் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் நான்கு நோட்டுகளும் இன்னும் புத்தகம் ஆகவில்லை. அவற்றில் இரண்டு புத்தகங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் பிரியுங்கள். நினைவுகளை முன்னால் கொண்டுவாருங்கள், கதைகள் காத்திருக்கட்டும். குழந்தைக் கதை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு ழகரம் சொல்லிக்கொடுத்த கதையை உங்களைப் போன்றவர்கள்தான் எழுத முடியும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் தொடங்கியது. நூறாண்டு தாண்டிய அந்தப் பள்ளிகளின் வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்று உள்ளே நின்று பார்த்தவர்கள் எழுதியது மிகக் குறைவு.

ஆசிரியர்களின் கைப்பிரதியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு பழக்கம் உண்டு. சம்பவத்தை அழகாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் அதன் பொருளையும் விளக்கிவிடுவார்கள். வகுப்பில் அது தேவை, கடைசி பெஞ்சுக்கும் புரிய வேண்டுமே. புத்தகம் படிப்பவர் தானே புரிந்துகொள்ள ஆசைப்படுவார். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையும் கையால் மூடிவிட்டுப் படியுங்கள். மூடியபடியே நன்றாக இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

வேலையில் சேர்ந்த நாளில் தொடங்கிப் பிரிவு உபசார விழாவில் முடிக்கும் வரிசையையும் விட்டுவிடலாம். மறக்கவே முடியாத பத்து நாட்களை எடுத்து, நாளுக்கு ஒரு அத்தியாயம் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை மாற்றுங்கள். அன்று உங்களிடம் திட்டு வாங்கிய பையனுக்கு இன்று நாற்பது வயது இருக்கும், அவன் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, அப்பாவின் வேலை, குடியிருந்த காலனி போன்ற அடையாளங்களையும் மாற்றுங்கள். எழுதி முடித்ததும் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் ஒருவர் தில்லியிலேயே வளர்ந்து, எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பவராக இருக்கட்டும். அவர் முகம் எங்கே வாடுகிறது என்று கவனியுங்கள்.

தட்டச்சுக்குப் பயப்பட வேண்டாம். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். ஒற்றும் சந்தியும் தவறும், அதைத் திருத்த உங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்! எந்தக் கணினியிலும் திறக்கும் யூனிகோட் எழுத்தில் இருந்தால் போதும்.

இனி உரிமை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை, விரும்பினால் 500 ரூபாய் கட்டணத்தில் செய்துகொள்ளலாம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகள் அது உங்கள் குடும்பத்துக்கு. அதனால் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். "பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறேன்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "தமிழில் அச்சுப் புத்தகமாக வெளியிட ஐந்தாண்டு அனுமதி தருகிறேன்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்தாண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்ற எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் எடுத்துக்கொள்கிறது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் இரண்டையும் நாமே எழுதிக்கொள்வது நல்லது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய மாணவர்களில் பலருக்குத் தமிழைவிட இந்தி சரளமாக வரும். நாளை ஓர் இந்திப் பதிப்பு வந்தால் அந்த உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

சொந்தச் செலவில்தான் போடுவது என்று முடிவெடுத்தால், மெய்ப்பு (பிழை திருத்துவது), லேஅவுட், அட்டை, அச்சு, பைண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்குங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம், அச்சகத்தார் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். 160 பக்கம் என்றால் பத்து ஃபாரம். 162 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்தைச் சுருக்கப் பாருங்கள். முதலில் டிஜிட்டல் அச்சில் 50 பிரதி போதும். பிரதிக்கு விலை கூடுதலாக விழும், ஆனால் கட்டிலுக்கு அடியில் 400 புத்தகம் கிடக்காது. அப்படிப் போட்டால் வெளியீட்டாளரும் நீங்கள்தான், அதனால் புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை, மும்பை, தில்லிப் பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தில்லிப் பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம், பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரில்தான் அந்த நூலகம்.

பணம் கேட்காத பதிப்பகங்களையும் முயன்று பாருங்கள். முழுக் கைப்பிரதி வேண்டாம். மிகச் சிறந்த இரண்டு அத்தியாயம், ஒரு பக்கச் சுருக்கம், நீங்கள் யார் என்று நாலு வரி போதும். ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்காக அவர்கள் மார்கழி முழுக்க அச்சகத்தில் நிற்பார்கள், அப்போது அனுப்பினால் யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள். பொங்கல் கழிந்து, பிப்ரவரியில் அனுப்புங்கள்.