நடக்கிற காலோடு போங்கள்

கடிதம்:

வணக்கம். மயிலாடுதுறையில் இருக்கிறோம். எனக்கு 69, அவருக்கு 74. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பையன் பெங்களூரில், பெண் சிங்கப்பூரில். கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பெண் பார்த்து வைத்திருக்கிறாள், சேர்ந்துவிடுங்கள் என்கிறாள். எங்களுக்குக் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. முடியாமல் போகும்போது போய்க்கொள்ளலாமே என்பது அவர் கட்சி. எனக்கும், நாள் முழுக்க வயதானவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதா என்று ஒரு பயம். இதற்கிடையில் வீட்டைத் தன் பேருக்கு இப்போதே செட்டில்மென்ட் எழுதச் சொல்கிறான் பையன். கெட்ட எண்ணம் கிடையாது, பின்னால் அலைச்சல் வேண்டாம் என்றுதான். உங்கள் சித்தி அப்படி ஓர் இடத்தில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முடியாமல் போகும்போது போய்க்கொள்ளலாம் என்பதை எங்கள் பெரியப்பா வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, பெரியம்மா போனபிறகும் தனியாகவே இருந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. தோப்பில் பாதி மரம் சாய்ந்து பாதையை அடைத்துவிட்டது, கரண்ட் இல்லை, செல்போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா" என்றார். அவர் சாப்பிட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அப்புறம் அவர் உடம்பு தேறவே இல்லை. அடுத்த வருஷம் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பேச்சு குழறிவிட்டது. அங்கே இருந்தவர்களுக்கு அவர் ஏழாம் நம்பர் ரூமில் வந்திருக்கும் ஸ்ட்ரோக் கேஸ், அவ்வளவுதான். தென்னையைப் பார்த்தாலே என்ன நோய் என்று சொல்லிவிடுவார் என்பதோ, சீட்டாட்டத்தில் அவரை ஜெயிக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது என்பதோ யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரிய வழியும் இல்லை. நாலு மாதத்தில் முழுப் படுக்கையாகிவிட்டார். அந்த நிலையில் இருப்பவர்களை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதை அப்போது எடுத்துக் காட்டினார்கள். இருந்தது உண்மைதான், கையெழுத்துப் போட்ட நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சித்தி அவர் இருக்கும் குடியிருப்பில் சேர்ந்தபோது அவருக்கு 67. தினமும் அரசலாற்றங்கரையில் ஒரு நடை போய்விட்டு வருகிற உடம்பு. இப்போதே எதற்கு என்று எல்லாரும் கேட்டோம். ஏழு வருஷம் ஆகிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி படுக்கப்போகும் முன் ஒவ்வொரு வீட்டுக் கதவின் கைப்பிடியிலும் ஒரு துணிப்பையை மாட்டிவிடுவார்கள். அஞ்சரை மணிக்குப் பால்காரர் அதில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார், ஆறரைக்குள் பையை உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் தட்டுவார், திறக்கவில்லை என்றால் ஆபீஸிலிருந்து மாற்றுச் சாவி வரும். நிர்வாகம் போட்ட விதி இல்லை இது, குடியிருப்பவர்கள் தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டது. போன மார்கழியில் ஒருநாள் சித்தியின் கதவை எதிர்வீட்டு அம்மா ஆறே காலுக்கே தட்டிவிட்டார், ஆறரை வரை காத்திருக்கவில்லை. அஞ்சே முக்காலுக்கு டிகாக்‌ஷன் வாசனை வந்தாக வேண்டுமே, ஏன் வரவில்லை என்று தோன்றியதாம். சித்தி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பில் விரிசல். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வாசனையைத் தெரிந்துகொள்ள அந்த அம்மாவுக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது, டீச்சர். படுத்தபிறகு போய்ச் சேருகிறவருக்கு அந்த ஆறு வருஷத்தை யார் கொடுப்பார்கள்? ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறது என்றால் அதற்கு முன்பே தூர்வாரி முடித்தாக வேண்டும், தண்ணீர் வந்தபிறகு மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க முடியாது என்று மாயவரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வயதானவர்கள் முகம் பற்றிக் கேட்டீர்கள். சாவு வரும், அதை மறைக்க மாட்டேன். சித்தி அங்கே சேர்ந்தபிறகு பதினோரு பேர் இறந்திருக்கிறார்கள். ஒருவர் இறந்த அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ரசம் சாதமும் ஒரு துவையலும்தான், எல்லாரும் ஹாலில் வந்து உட்கார்ந்து போனவரைப் பற்றிப் பேசுவார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற நாட்களில் அங்கே நடப்பதெல்லாம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கமிட்டி கூடி அடுத்த வாரத்துச் சமையலை முடிவு செய்யும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா மாதத்துக்கு எத்தனை தடவை என்பதில் ஒரு மணி நேரம் வாதம் ஓடும். ஆடிப்பெருக்கு அன்று எல்லாரும் படித்துறைக்குப் போனோம், நானும் போயிருந்தேன். படியில் இறங்க முடியாத மூன்று பேர் மேலே சக்கர நாற்காலியில் இருந்தார்கள். கீழே போனவர்கள் பித்தளைக் குடத்தில் புதுத்தண்ணீர் மொண்டு வந்து, அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தில் மெதுவாக ஊற்றினார்கள். ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு "ஜில்லுன்னு இருக்கு" என்றார், கால் விரலை அசைத்துக்கொண்டே. அப்புறம் காப்பரிசி கொடுத்தார்கள்.

அவர்கள் முன்கூட்டி யோசிக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். 2028-ல் மகாமகம் வருகிறதல்லவா, 2016-ல் கும்பகோணத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் அங்கே நிறைய பேர். டயாலிசிஸ் போகிற இரண்டு பேரும் அந்த வாரம் தஞ்சாவூரில் எங்கே தங்குவது, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வெளியே போகும் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை தொங்கும். மாத்திரைச் சீட்டு, ரத்த வகை, காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் நம்பர், எந்த ஆஸ்பத்திரி என்ற விருப்பம் எல்லாம் அதில் இருக்கும். சித்தி விழுந்த அன்று அந்தப் பை அவரோடு ஆம்புலன்ஸில் ஏறியது. டாக்டர் கேட்ட எதற்கும் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மருத்துவ உயில் ஒன்றும் அதில் இருக்கிறது. இனி தேற வழியில்லை என்ற நிலை வந்தால் வெறும் இயந்திரத்தில் வைத்து மூச்சை நீட்டிக்க வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்க 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருமுறை வாய்விட்டுப் பேசிவிடுங்கள், பிள்ளைகள் காதிலும் போடுங்கள். எங்கள் பெரியப்பா என்ன நினைத்தார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டு விஷயம். பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இருந்தாலும் இப்போது செட்டில்மென்ட் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். குடியிருப்பின் டெபாசிட்டுக்கோ பின்னால் ஒரு பெரிய செலவுக்கோ அந்த வீடுதான் கைகொடுக்கும். செட்டில்மென்ட் பதிந்துவிட்டால் வீடு கைமாறிவிடும், உயில் என்றால் உங்கள் காலம் வரை உங்களுடையது, மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். இல்லை, செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு, நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காமல் விட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுதாமல் கொடுத்துவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடியிருப்பின் ஒப்பந்தத்தையும் வீட்டுக்கு வாங்கி வந்து வரி விடாமல் படியுங்கள். படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, அதற்கு மாதம் எவ்வளவு கூடும், ஒருவர் போனபிறகு மற்றவர் அதே வீட்டில் அதே டெபாசிட்டில் இருக்கலாமா, வெளியே வந்தால் பணம் எத்தனை நாளில் திரும்பும், மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொல்வதை நம்பாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே நர்ஸ் இருக்கிறாரா என்று ஆபீஸில் கேட்பதை விட, குடியிருக்கும் யாரையாவது தனியாகக் கேளுங்கள்.

சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் தங்கிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் விடுகிறார்கள். அதற்கும் முன்னால், சித்தி இருக்கும் இடத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வாருங்கள், நானும் வருகிறேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சித்தியிடம் சொன்னேன். டீச்சர் என்றதும் "என்ன பாடம்?" என்று கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரர், செக்யூரிட்டி, துப்புரவு வேலை செய்பவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், ஏழெட்டுப் பேர் இருக்கும். தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் ஆள் இருக்கிறது. கணக்குக்கு யாரும் இல்லை, சமையல்காரம்மாவின் பெண் இந்த வருஷம் பத்தாவது.