பச்சை டிக்கை நம்பலாமா?

கேள்வி: ஆறு வருடமாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே பேக்கப் சாஃப்ட்வேரைத்தான் வைத்திருக்கிறேன். ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது. ஞாயிறு இரவு தானாக ஓடி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடும். ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. போன மாதம் பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டு விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கி, அதிலும் இதையே போட்டுக்கொண்டேன். இப்போது லேப்டாப்பைத் திறந்தாலே 'புதிய பதிப்புக்கு மாறுங்கள், இன்று மட்டும் தள்ளுபடி' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. புதியது வருடச் சந்தா. மாறலாமா, பேசாமல் இருக்கலாமா?

பதில்: 'இன்று மட்டும்' என்பது நாளைக்கும் வரும், அதனால் அவசரமில்லை. மக்கர் பண்ணியதில்லை என்கிறீர்களே, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பேக்கப் என்பது எடுத்து வைப்பது அல்ல, திரும்பக் கிடைப்பது. மாறுவதா வேண்டாமா என்பதைத் தள்ளுபடிப் பெட்டியிடம் கேட்காதீர்கள், ரீஸ்டோரிடம் கேளுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்கும் வாராவாரம் 'பேக்கப் முடிந்தது' என்று பச்சை டிக் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் இடம் போதவில்லை என்று இரண்டாவது டிஸ்க் ஒன்றைப் போட்டு, போட்டோ ஃபோல்டர் முழுவதையும் சி டிரைவிலிருந்து புது டிஸ்க்கான டி-க்கு நகர்த்திவிட்டு, பேக்கப் பட்டியலில் டி-யைச் சேர்க்க மறந்துவிட்டேன். டி ஒருநாள் டக் டக் என்று சத்தம் போட்டுப் படுத்துக்கொண்டபோதுதான் திறந்து பார்த்தால், சி பத்திரமாக இருக்கிறது, போட்டோ ஃபோல்டர் இருந்த இடம் காலி. சாஃப்ட்வேர்மேல் குற்றமே இல்லை, சி-யை எடு என்றேன், எடுத்தது. நீங்களும் புது லேப்டாப்புக்கு மாறியிருக்கிறீர்கள், அதனால் முதலில் எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் டிக் ஆகியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு ஃபோல்டரை, முக்கியமானதாகவே பார்த்து, பேக்கப்பிலிருந்து வேறு ஒரு இடத்துக்கு ரீஸ்டோர் செய்யுங்கள். பழைய இடத்திலேயே செய்தால் நல்ல ஃபைலை நீங்களே அழித்துக்கொள்ளக்கூடும். வந்த ஃபைல்களில் நாலைந்தைத் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் இருந்தால் போதாது. போன வாரத்ததையும் ஆறு மாதத்துக்கு முந்தையதையும் இரண்டையும் பாருங்கள், காரணம் இருக்கிறது: பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் முதலில் ஒருமுறை முழுசாக எடுத்துவிட்டு, பிறகு மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும். இன்கிரிமென்டல் என்பார்கள். அது சங்கிலி மாதிரி, நடுவில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பிந்தைய எதுவும் உபயோகப்படாது. டிஃபரென்ஷியல் என்றால், அதாவது முழு பேக்கப்புக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து எடுப்பது என்றால், முழு பேக்கப்பும் கடைசியாக எடுத்ததும் நன்றாக இருந்தால் போதும், ஆனால் இடம் கூடுதலாகத் தின்னும்.

இதில் தேறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி ரெஸ்க்யூ பென் டிரைவ். விண்டோஸே எழுந்திருக்காத நாளில் அதிலிருந்துதான் பூட் செய்து, அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கி, மொத்தத்தையும் மீட்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் செய்து வைத்த பென் டிரைவ் டிராயரில் கிடக்கும் இல்லையா, அதைப் புது லேப்டாப்பில் செருகி பூட் செய்து பாருங்கள், எதையும் அழிக்க வேண்டாம், சும்மா டிஸ்க் பட்டியல் வரைக்கும் போனால் போதும். பல வீடுகளில் நடப்பது இதுதான்: திரை வரும், மவுஸ் நகரும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கூடப் பட்டியலில் தெரியும், லேப்டாப்பின் சொந்த டிஸ்க் மட்டும் இருக்காது! டிஸ்க் கெடவில்லை. இன்டெல் சிப் உள்ள புதிய லேப்டாப்புகள் பலவற்றில் உள்ளே இருக்கும் என்விஎம்இ வகை வேகமான டிஸ்க்கை விஎம்டி என்ற இன்டெல் ஏற்பாட்டின் பின்னால் வைத்திருப்பார்கள், அதற்கான டிரைவர் பழைய பென் டிரைவில் இருக்காது. சில சாஃப்ட்வேர்களில் இந்த லேப்டாப்பிலேயே ரெஸ்க்யூ பென் டிரைவைப் புதிதாகச் செய்தால் சரியாகிவிடும். முதலில் அதைச் செய்து பாருங்கள், செலவில்லை. நம்பகமானது என்று தெரியாத எதையும் தொடங்க விடாத செக்யூர் பூட் தடுத்து பென் டிரைவ் தொடங்கவே இல்லை, அல்லது புதிதாகச் செய்தும் டிஸ்க் தெரியவில்லை என்றால், அதுதான் மாற வேண்டிய நேரம். கடைக்காரன் சொல்வதற்காக இல்லை, உங்கள் பழையது உங்கள் லேப்டாப்பைப் பார்க்கவே முடியாததால்.

இதைச் செய்யும்போதே இன்னொன்றும் தலைகாட்டலாம். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பல டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வருகின்றன, வெளியிலிருந்து பூட் செய்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாக வைத்துக்கொள்வது பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற கதை.

சோதனைகள் தேறினாலும் உங்கள் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா என்று நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். பேக்கப் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் எதையும் தொடும் உரிமையோடு ஓடுவது, அதை ஓட்டை உடைசலோடு வைத்திருக்க முடியாது. பேக்கப் சாஃப்ட்வேர்களிலேயே பாருங்கள்: மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு திருத்தங்கள் நின்றன. நார்ட்டன் கோஸ்ட் 2013-லேயே முடிந்துபோனது. கிராஷ்பிளான் வீட்டுச் சேவையை நிறுத்தப்போவதாக 2017-ல் அறிவித்து 2018 அக்டோபரில் மூடியேவிட்டது. இதெல்லாம் நடக்கிற விஷயம்.

சந்தா என்றால் ஒரே ஒரு கேள்வி: பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்ய விடுவார்களா? புதிதாக எடுப்பது மட்டும் நிற்குமா, திறக்கவே முடியாமல் போகுமா? பணம் கட்டும் முன்பே எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஆன்டிவைரஸ், அது இது என்று கட்டித் தருவார்கள், அதற்காக மாறாதீர்கள், விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பாதுகாப்பு என்பதற்கும் மயங்க வேண்டாம், பேக்கப் முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு. ஞாயிறு இரவு தானாக ஓடுகிறது என்றால் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கேள்வி: அந்தச் செலவே எதற்கு? மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் எல்லாம் தானாக ஏறிவிடுகிறதே.

பதில்: ஏறுகிற மாதிரியே இறங்கியும் போகும். அது பேக்கப் அல்ல, சிங்க் (இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைப்பது), இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும், அதற்குள் நீங்கள் கவனித்தால் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி, போட்டோ வைத்திருப்பவர்களுக்கு எந்த மூலைக்கு? காசு செலவழிக்க வேண்டாம் என்றால் விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, விண்டோஸ் 8 காலத்திலிருந்து வருவது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காட்டிவிட்டால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களின் பழைய பிரதிகளை நாள்வாரியாக வைத்திருக்கும். மொத்த விண்டோஸையும் மீட்டுத் தராது. மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் 2007-லிருந்தே கூடவே வருகிறது, அவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: புதியதுக்கு மாறியாயிற்று. பழைய சாஃப்ட்வேரையும் அதில் எடுத்த பேக்கப்பையும் அழித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்கென்று ஒரு ஃபைல் வடிவம் வைத்திருக்கும், பழையதைப் புதியது திறக்கும் என்று நம்பி உட்காராதீர்கள், ஒரே நிறுவனத்துடையதாக இருந்தாலும் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள். பழைய சங்கிலியிலேயே தொடரவும் விடாதீர்கள், புதியதில் முழு பேக்கப் ஒன்றை வேறு டிஸ்கில் எடுங்கள், ரீஸ்டோர் செய்து பாருங்கள், இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். அது வரைக்கும் பழைய சாஃப்ட்வேர் லேப்டாப்பில் ஓட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஆனால் அதன் இன்ஸ்டாலர் ஃபைலையும் லைசென்ஸ் கீயையும் அந்தப் பழைய பேக்கப் இருக்கும் டிஸ்கிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். டிஸ்க்கின்மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரில் சாஃப்ட்வேர் பெயரும் பதிப்பு எண்ணும் எழுதி ஒட்டுங்கள். பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை மட்டும் ஸ்டிக்கரில் எழுதிவிடாதீர்கள்.