மறதிநோய் உள்ள அப்பா திடீரென்று எல்லோரையும் சந்தேகப்படுகிறார், கத்துகிறார். இது மரபணுவால் வருவதா?

ஓரளவுக்குத்தான். மறதிநோயில் மிகப் பரவலான வகையான அல்சைமர் வரும் அபாயத்தைக் கூட்டுவது 19ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஈ மரபணுவின் ஈ4 வகை. ஆனால் சந்தேகத்துக்கும் கோபத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

தொடர்பு தெளிவாகத் தெரிவது மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோயில். 2011இல் கண்டறியப்பட்ட சி9ஓஆர்எஃப்72 மரபணு மாற்றம் உள்ள சிலருக்கு, நினைவாற்றல் நன்றாக இருக்கும்போதே, இல்லாத குரல்கள் கேட்கும், யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்ற எண்ணம் வலுக்கும். இதை வெறும் மனநோய் என்று நினைத்துச் சிகிச்சை தருவதும் நடக்கிறது. குடும்பத்துக்கு அது பெரிய வேதனை.

உங்கள் அப்பா விஷயத்தில் "திடீரென்று" என்ற வார்த்தைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரபணு ஒரே வாரத்தில் ஆளை மாற்றாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஏதாவது இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், பலவும் சரிசெய்யக்கூடியவை. பர்ஸை எங்கோ வைத்துவிட்டு "நீதான் எடுத்தே" என்றால் வாதாடாதீர்கள், கூடவே தேடுங்கள். வைத்த நினைவே அவரிடம் இல்லை.

மரபணுப் பரிசோதனையை, குடும்பத்தில் பலருக்கு 60 வயதுக்கு முன்பே நோய் வந்திருந்தால் யோசிக்கலாம், அதுவும் மரபியல் ஆலோசகரிடம் பேசிய பிறகு.