தியானம் செய்ய உட்கார்ந்தால் மனம் அலைகிறது. அன்றாட வாழ்க்கையில் விழிப்போடு இருக்கப் பழகுவது எப்படி?

நீங்கள் ஏதோ ஒரு செயலியை இறக்கி, கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்து, அலுத்துப்போய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று: மனம் அலைவது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் கைபேசி வழியாக எதிர்பாராத நேரங்களில் 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா' என்று கேட்டுப் பார்த்தார்கள். 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது.

என்னை விழிப்போடு இருக்கப் பழக்கிவிட்டது தியானம் இல்லை, அப்பாவின் மந்தமான காது. வயதானால் பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். ச, த, ப மாதிரி மெய்யொலிகள் நழுவிவிடும், உயிரொலி மட்டும் கேட்கும். அதனால் பேசுவது காதில் விழும், என்ன பேசுகிறோம் என்பது புரியாது. கத்தினாலும் பயனில்லை, ஒலி இன்னும் சிதைந்துதான் போகும். அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி எதிரே உட்கார வேண்டும், டிவியை அணைக்க வேண்டும், வாக்கியத்தை யோசித்து நிதானமாகச் சொல்ல வேண்டும். நடுவில் போனைக் குனிந்து பார்த்தால் என் உதடு அவருக்குத் தெரியாது. உடனே "சரி, நீ வேலையப் பாரு" என்று எழுந்துவிடுவார்.

ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கிற ஆளான எனக்கு ஆரம்பத்தில் இது தண்டனை மாதிரி இருந்தது. போகப் போக வேறொன்று நடந்தது. அவரிடம் பேசும்போது என் நினைப்பு நழுவினால் அந்த நொடியே எனக்குத் தெரிய ஆரம்பித்தது, ஏனென்றால் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நழுவுவதைக் கவனிப்பது, திரும்பி வருவது. இதுதானே அந்தப் பயிற்சி முழுக்க? இப்போது அலுவலகத்தில் ஒருவர் பேசும்போதும் பதிலை மனதுக்குள் தயாரிக்காமல் கடைசிவரை கேட்க முடிகிறது. எப்போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் முன்பைவிட எவ்வளவோ மேல்.

தியானத்தை மட்டம்தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய விழிப்புப் பயிற்சியிலேயே அமர்ந்து செய்யும் தியானம் ஒரு பகுதிதான். நடப்பது, சாப்பிடுவது, படுத்தபடி உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனிப்பது எல்லாம் அதில் உண்டு. உட்கார்ந்து செய்ய வருகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். கண்ணை மூடினாலே பதற்றம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் வற்புறுத்தாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, ஒரு நாளில் ஒரே ஒரு பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எதுவும் வேண்டாம், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். மனம் ஓடும், ஓடட்டும், தெரிந்ததும் திரும்பி வாருங்கள். மூச்சைக் கவனிப்பதைவிட இது எளிது, மூச்சு கோபித்துக்கொண்டு எழுந்து போகாது.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "அப்பாவுக்கு இப்ப முட்டிவலி எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு மருத்துவர்கூட அப்படித்தான், கணினித் திரையைப் பார்த்தபடி என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். முட்டி அவருடையது ஐயா. அவருக்குக் காதுதான் மந்தம், புத்தி இல்லை. அவர் பக்கம் திரும்பி, நிதானமாகக் கேட்டுப் பாருங்கள், எந்த முட்டி, எந்தப் படியில் ஏறும்போது வலிக்கிறது என்பதுவரை சொல்வார்.