வேலை விட்ட ஏழு மாதங்களை மறைக்க வேண்டாம், ஐயா

மகளின் மாணவர் விசா விடயமாகச் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தபோது, நீங்கள் முதலில் எடுத்து மேசையில் வைத்தது அந்தச் சேவைக் கடிதத்தைத்தான். கஸ்தூரியார் வீதிக் கடை ஒன்றின் கடிதத் தலைப்பு, மகள் அங்கே ஏழு மாதமாகக் கணக்காளராக வேலை செய்கிறாள் என்று இரண்டு பந்தி, கீழே முத்திரை. "மச்சானுடைய கடைதான், யார் கேட்டாலும் ஆம் என்று சொல்லுவார்" என்றீர்கள். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று விரிவாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், ஐயா.

வேலையில்லாத பிள்ளைக்கு விசா கிடைக்காது என்று முகவர் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். மகள் போக நினைப்பது லண்டனுக்கு. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு 70 புள்ளிகள் வேண்டும். பல்கலைக்கழகம் தரும் 'காஸ்' என்ற சேர்க்கை உறுதிக்கு 50, பணத்துக்கு 10, ஆங்கிலத்துக்கு 10. வேலைக்கென்று அதில் ஒரு புள்ளியும் கிடையாது. ஆனால் பிள்ளை உண்மையில் படிக்கத்தான் வருகிறாளா என்று அதிகாரி பார்ப்பார். அதற்காக நேர்முகத்துக்கும் அழைக்கலாம். இடைவெளி பற்றிய கேள்வி அங்கேதான் வரும். உண்மையான பதில் கையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பொய்யான கடிதத்தோடு போனால் அஞ்சத்தான் வேண்டும். ஏழு மாதம் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்க வேண்டும். அவரது பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். சம்பளம் வங்கியில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் முத்திரை மட்டும் என்ன செய்யும்? சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பியும் இப்படி ஒரு கடிதம் கொடுத்திருந்தார். விசா அலுவலகத்திலிருந்து விசாரித்துத் தொலைபேசி வந்த நேரம் கடையில் நின்ற வேலைக்காரப் பையன், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். ஏமாற்று என்று தீர்மானித்தால் பிரித்தானியா 10 வருடங்கள் வரை கதவை மூடும். கனடா 5 வருடங்கள், அவுஸ்திரேலியா 3 வருடங்கள். அந்தத் தம்பியின் தாய் என் முன்னால் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. உங்கள் பிள்ளைக்கு அது வர விடமாட்டேன்.

உங்கள் வீட்டில் இருப்பதோ மறைக்கவே தேவையில்லாத காரணம். அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை, வீட்டில் பார்க்க வேறு ஆள் இல்லை, இரண்டரை வருடம் பார்த்த நிதி நிறுவன வேலையை மகள் விட்டாள். அன்று உங்கள் பைக்குள் அம்மாவின் கிளினிக் கொப்பி இருந்தது. மூலை மடிந்து, மஞ்சள் பூத்த கொப்பி. முதல் பக்கத்துத் திகதியும் மகளின் பதவி விலகல் கடிதத்துத் திகதியும் ஒன்பது நாள் இடைவெளியில் இருந்தன. மச்சானின் கடிதத்தைவிட ஆயிரம் மடங்கு பெறுமதியான ஆவணம் அது. அதன் பிரதி, நிறுவனம் விலகலை ஏற்றுக்கொண்ட கடிதம், பழைய சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதிக் கூற்று ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். அம்மாவைப் பார்த்தபடியே இரவில் ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தாள் என்றாளே, அதையும் ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதட்டும்.

இனிப் பணம். உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாத மீதியும், ஒன்பது மாதம் வரையான வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் கிடக்க வேண்டும். இருபதாம் நாள் மருந்துச் செலவுக்கு எடுத்து மறுநாளே திரும்பப் போட்டாலும், தொகை ஒரு முறை குறைந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். வங்கிக் கூற்றின் கடைசி நாள் விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாட்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ரூபாயின் பெறுமதி இறங்கினால் தொகை போதாமற்போகும். கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வையுங்கள்.

சுவிஸில் இருக்கும் மூத்தவர் தன் கணக்கைக் காட்டுவதாகச் சொன்னீர்கள். பிரித்தானியாவுக்கு அண்ணனின் கணக்கு செல்லாது. பிள்ளையின் கணக்கு அல்லது பெற்றோரின் கணக்குத்தான். ஆகவே அவர் இப்போதே பணத்தை அனுப்பட்டும். அனுப்பிய சிட்டை பத்திரமாக இருக்கட்டும். உங்கள் கணக்கில் வைத்தால் மகளின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, உங்கள் சம்மதக் கடிதத்தையும் இணைக்க வேண்டும். அம்மாவின் நகையை அடகு வைத்தால் அந்தச் சிட்டையையும் வீச வேண்டாம். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டலாம்.

பிரித்தானிய விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். மிக முந்திப் போய் எடுக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவையும் யோசிப்பதாகச் சொன்னீர்கள். அங்கே 2024 மார்ச் முதல் விண்ணப்பத்திலேயே நேரடிக் கேள்விகள் இருக்கின்றன: குடும்பம், தொழில், பொருளாதார நிலை என்ன, ஏன் இந்தப் படிப்பு என்று. ஒவ்வொன்றுக்கும் 150 சொற்கள்தான். அங்கேயும் இதே உண்மையைத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அன்று நான் மகளிடம் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். ஏன் நிதித்துறை என்றேன், நீங்கள் சொன்னீர்கள். ஏன் அந்தப் பல்கலைக்கழகம் என்றேன், அதற்கும் நீங்கள்தான். நேர்முகத்தில் அவள் தனியே இருப்பாள். நுண்கடன் வாங்கிய பெண்கள் தவணை கட்ட முடியாமல் தவித்ததைக் கடன் பிரிவில் இருந்து பார்த்ததால்தான் இந்தப் படிப்பை எடுத்தேன் என்று, நீங்கள் தொலைபேசியில் பேச வெளியே போன இரண்டு நிமிடத்தில் அவளாகவே என்னிடம் சொன்னாள். அதைத்தான் அதிகாரியும் கேட்க வேண்டும். வரும் சனி காலை ஒன்பது மணிக்கு அவளை அனுப்புங்கள். கிளினிக் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அம்மாவோடு வீட்டில் இருங்கள், ஐயா.