லீ என்ஃபீல்டு நம்பர் 4: 100 கஜத்தில் ஏன் மேலே அடிக்கிறது?

உங்கள் லீ என்ஃபீல்டு நம்பர் 4, அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள், 100 கஜத்தில் குறிக்கு மேலே அடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பின் சைட்டின் (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிபார்ப்பான்) பெரிய துளை வழியாகக் குறிபார்க்கிறீர்கள் போலிருக்கிறது. அது 300 கஜத்துக்கு வைத்த போர்க்காலத் துளை. கோலாலம்பூரில் நீங்கள் சுடும் 100 கஜ அட்டையில் குண்டு பல அங்குலம் மேலே போகத்தான் செய்யும். துப்பாக்கியில் கோளாறு இல்லை.

உங்களுடையது ஏணி சைட் (தூரக் கோடுகள் போட்ட, மடக்கி நிமிர்த்தும் பின் சைட்) என்றால் அதை நிமிர்த்தி, மிகக் கீழ்க் கோடான 200-இல் வைத்து, ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். அப்போதும் இரண்டு மூன்று அங்குலம் மேலே படுவது சகஜம்.

அதற்கும் மேலே போனால் முன் பிளேடு (குழல் முனையில் நிற்கும் முன் சைட் தகடு) குட்டை. உயரமானது போட வேண்டும். கிளப்பில் யாராவது "அரம் போட்டுத் தேய்" என்பார்கள், கேட்காதீர்கள்! தேய்த்தால் இன்னும் மேலே போகும். மாற்றுவதை லைசன்ஸ் உள்ள கடையிலேயே கொடுங்கள்.

ஒன்று: குண்டுகள் ஓரிடத்தில் சேராமல் சிதறினால் இதெல்லாம் பொருந்தாது. நம்ம ஊர் ஈரத்தில் முன்கட்டை (குழலுக்கு அடியில் இருக்கும் மரம்) உப்பிக் குழலை நெருக்குகிறதா என்று முதலில் பாருங்கள்.