கவுண்டனா, கோவெண்டரா?

ஐயா,
என் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயர் 'கவுண்டன்', அவர் தம்பியுடையதில் 'கோவெண்டர்'. ஒரே அப்பா, ஒரே அம்மா. மூன்று வருடமாக இணையத்தில் கப்பல் பட்டியல்களைத் தேடுகிறேன், எங்கள் ஆள் கிடைக்கவில்லை. எந்த எழுத்து சரி? தாத்தாவின் அக்கா ஒருவர் டோங்காட்டில் இருக்கிறார், 91 வயது. அவருக்கு நினைவு அவ்வளவாக இல்லை.
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

தம்பி,
இரண்டும் ஒன்றுதான். கவுண்டர் என்று சொன்னது ஒரு குமாஸ்தாவின் காதில் ஒரு மாதிரியும் இன்னொருவர் காதில் வேறு மாதிரியும் விழுந்திருக்கிறது. அதை விடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை இங்கே ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அவர்கள் பட்டியலில் குடும்பப் பெயருக்கு இடமே கிடையாது. ஆளுக்கு ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, இவ்வளவுதான். பின்னால் சிலர் சாதியையும் சிலர் அப்பா பெயரையும் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். அப்புறம் கோவெண்டர் என்று தேடினால் அவர் எப்படி அகப்படுவார்? பழைய கல்யாணப் பத்திரத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் எழுத்தைப் பற்றிக் கவலையில்லை.

ஆனால் உங்கள் கடைசி வரி எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒரு ஆயா உட்கார்ந்திருக்க, மூன்று வருடமாகத் திரையையா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? நினைவு இல்லை என்று யார் முடிவு செய்தது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா?

என் ஆயா ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். அவர் அப்பா சொன்ன ஏரி, ஏரிக்கரைப் பச்சையம்மன், மண் குதிரை. அடுப்படியில் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன், வேலைக்குப் போகும் அவசரம் எனக்கு. அவர் போய்ப் பல வருடம் கழித்துப் பட்டியலில் அவர் அப்பாவைக் கண்டுபிடித்தேன். வட ஆர்க்காடு ஜில்லா, சரி. ஊர்? வி, ஏ, எல், இரண்டு ஓ, ஆர். அது வல்லூரா, வாலூரா, வளூரா? ஆயா வாய்திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் ல-வா ள-வா என்று தெரிந்திருக்கும். அந்த ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு நான் இன்னமும் வரைபடத்தில் ஏரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். பெயர், வருடம் என்று விசாரணை நடத்தாதீர்கள். வீட்டில் சத்தியம் செய்தால் எந்தச் சாமி பெயரைச் சொல்வார்கள், முதல் மொட்டை எந்தக் கோயிலில் அடித்ததாகப் பெரியவர்கள் சொன்னார்கள், எந்த எஸ்டேட்டில் கரும்பு வெட்டினார்கள், அம்மா பாடிய தாலாட்டு என்ன என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் கேட்காதீர்கள், உங்கள் தமிழ் எவ்வளவு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. ஆயா திருத்துவார்.